காணாமல் போன அதிபரா, ஏழு நாள் அதிபரா?

எங்கள் பினாங்கு வாசிப்பு வட்டத்தில் ஓர் அரசியல் திரில்லர் படிக்கலாம் என்று முடிவானபோது இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று, முன்னாள் அமெரிக்க அதிபர் பில் கிளின்டனும் ஜேம்ஸ் பேட்டர்சனும் சேர்ந்து எழுதி 2018-இல் வந்த 'தி பிரசிடென்ட் இஸ் மிஸ்ஸிங்'. மற்றது ஃப்ளெட்சர் நெபல், சார்லஸ் பெய்லி என்ற இரண்டு வாஷிங்டன் பத்திரிகையாளர்கள் எழுதி 1962-இல் வந்த 'செவன் டேஸ் இன் மே'. இரண்டிலும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அதிபருக்கு அந்த நாற்காலியே ஆபத்தாகிறது. கடைசியில் இரண்டையுமே படித்தோம். என் ஓட்டு பழைய புத்தகத்துக்கு. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், இப்படி ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும்.

விலை, கிடைக்குமா கிடைக்காதா என்பதில் பெரிதாகப் பேச ஒன்றும் இல்லை. கிளின்டன் புத்தகம் எங்கும் கிடைக்கிறது, சௌராஸ்தா சந்தை மாடியில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளில் நல்ல நிலையிலேயே சில வெள்ளிக்கு வாங்கிவிடலாம். 'செவன் டேஸ்' கிடைக்கக் கொஞ்சம் அலைய வேண்டும், இல்லையென்றால் மின்னூல். வேகம் வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கிளின்டன்தான். நூற்றுக்கும் மேற்பட்ட குட்டிக் குட்டி அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் முடியும் இடத்தில் கொக்கி போட்டு இழுக்கும், பட்டர்வொர்த் ஃபெர்ரியில் ஏறி இறங்குவதற்குள் மூன்று நான்கு முடிந்துவிடும்.

முதலில் கிளின்டன் புத்தகத்தின் நல்லதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எங்களில் பாதிப்பேருக்கு அது நிஜமாகவே பிடித்திருந்தது. அதிபர் ஜொனதன் டங்கன், வளைகுடாப் போரில் இருந்தவர், மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். ஒரு தீவிரவாதத் தலைவனோடு தொலைபேசியில் பேசினார் என்று சொல்லிப் பதவி நீக்கம் செய்யக் காத்திருக்கிறது எதிர்த்தரப்பு. அதே நேரத்தில் 'இருண்ட காலம்' என்று பெயர் வைத்த ஒரு கணினி வைரஸ் நாடு முழுக்க இருக்கும் எல்லாக் கருவிகளையும் அழிக்கத் தயாராக இருக்கிறது. அதைத் தடுக்க, பாதுகாப்புப் படை யாரும் இல்லாமல், மாறுவேடத்தில், வெள்ளை மாளிகையை விட்டுத் தன்னந்தனியாக வெளியேறுகிறார் டங்கன்.

அவருக்கு ஒரு ரத்த நோயும் இருக்கிறது, தட்டணுக்கள் சட்டென்று குறைந்துபோகும். இந்த இடத்தில் எங்கள் வட்டமே நிமிர்ந்து உட்கார்ந்தது. டெங்கி வந்து மருத்துவமனையில் கிடந்தவர் இல்லாத வீடு நம் ஊரில் உண்டா? "இன்றைக்கு பிளேட்லெட் எத்தனை?" என்று காலையும் மாலையும் கேட்டுப் பழகியவர்கள் நாம். அந்த எண்ணிக்கை இறங்க இறங்க, மருத்துவர் கெஞ்ச கெஞ்ச, மனிதர் வேலையை விடாமல் ஓடுவதைப் படிக்கும்போது, தாதியாக வேலை பார்க்கும் எங்கள் அக்கா ஒருவர் "முதல்ல இவரைப் படுக்க வைங்கப்பா" என்றே சொல்லிவிட்டார். அந்தப் பதற்றம் போலி இல்லை. பதவி நீக்க விசாரணை பற்றிய பகுதிகளிலும் ஒரு கனம் இருக்கிறது, 1998 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையால் குற்றம் சாட்டப்பட்டு 1999 பிப்ரவரியில் செனட் சபையால் விடுவிக்கப்பட்டவர் எழுதியது அல்லவா. அறைக்குள் யார் எங்கே நிற்பார்கள், யார் முதலில் வாயைத் திறப்பார்கள் என்பதெல்லாம் உள்ளே இருந்தவருக்குத்தான் தெரியும்.

ஆனால் பலர் சொன்ன குறையும் நியாயம்தான். காணாமல் போனவரே 'நான்' என்று கதை சொல்கிறார். ஊருக்குத்தான் அவர் எங்கே என்று தெரியாது, நமக்கு ஒவ்வொரு நிமிடமும் தெரியும். அப்புறம், அவரைச் சுற்றி இருக்கிறவர்களில் யார் துரோகி, வைரஸை எப்படி நிறுத்துவது, இந்த இரண்டு முடிச்சும் அவிழ்ந்த பிறகு புத்தகத்தில் மிச்சம் என்ன இருக்கிறது?

என்னைப் பொறுத்தவரை எல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கிறது. முடிவு தெரிந்த பிறகும் அந்தப் புத்தகம் நிற்கிறதா? திரில்லருக்கு இந்த அளவுகோலா என்று கேட்பார்கள். வேறு எதை வைத்து அளப்பது? முதல் தடவை வேகமாக ஓடாத திரில்லரை யாரும் அச்சிடுவதே இல்லை. படித்து முடித்து ஒரு வாரம் கழித்து நாலு பேர் உட்கார்ந்து பேசினால் பேச்சு எவ்வளவு நேரம் ஓடுகிறது, மறுபடி எடுத்துப் புரட்டினால் கை எந்தப் பக்கத்தில் நிற்கிறது, இதையெல்லாம் பார்க்க வேண்டும். கிளின்டன் புத்தகத்தை மறுபடி எடுத்தபோது துரோகி யார் என்று தெரிந்துவிட்டதால், அவர் வரும் காட்சிகளில் ஆசிரியர்கள் குறிப்பு எங்கே வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் தேடிக்கொண்டிருந்தேன். தேடி முடித்ததும் மூடிவிட்டேன்.

'செவன் டேஸ்' அப்படி இல்லை. அதிபர் ஜோர்டன் லைமன் சோவியத் நாட்டோடு அணு ஆயுதக் குறைப்பு ஒப்பந்தம் போடுகிறார், மக்களுக்குப் பிடிக்கவில்லை, ஆதரவு அதலபாதாளத்தில். முப்படைத் தளபதிகளின் தலைவர் ஜெனரல் ஸ்காட் மீது நாடே உயிரை விடுகிறது. அவர் ஆட்சியைக் கைப்பற்றத் திட்டம் போடுகிறார். இதை நான் சொல்லிவிட்டதால் உங்களுக்கு எதுவும் கெட்டுப்போகவில்லை, புத்தகமே இதை மறைத்து வைக்க மெனக்கெடுவதில்லை. தெரிந்த பிறகு ஓர் அதிபரால் சட்டத்துக்குள் நின்றுகொண்டு என்ன செய்ய முடியும் என்பதுதான் கதை. கையில் ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாமல் ஜெனரலை நீக்கினால் மக்கள் ஜெனரல் பக்கம் போய்விடுவார்கள். வெளியே சொன்னால் அதிபருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். நாள் வாரியாகப் பக்கங்கள் நகர, நம்பத் தகுந்த ஆட்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

விஷயம் வெளியே வரும் விதத்தைப் பாருங்கள். கர்னல் கேசி என்ற அதிகாரி, ஜெனரலுக்குக் கீழே வேலை செய்பவர், ஒரு தந்தியைப் பற்றிக் கேள்விப்படுகிறார். ஜெனரல் மற்றத் தளபதிகளைக் குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டச் சொல்லி அழைக்கிறார், ஒரே ஓர் அட்மிரல் மட்டும் நான் இதில் இல்லை என்கிறார். அவ்வளவுதான். பினாங்கில் பந்தயக் குதிரைப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள், பெரிய மனிதர்கள் பந்தயம் கட்டுவதில் என்ன அதிசயம் என்று முதலில் தாண்டிப் போகத் தோன்றியது. கேசிக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பிறகு வேறு சில துண்டுகளோடு அதைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது. இரண்டாம் வாசிப்பில் இந்த இடம் இன்னும் நன்றாக இருந்தது, ஏனென்றால் கேசிக்கு அந்த ஒப்பந்தமே பிடிக்காது என்பது இப்போது நினைவில் நிற்கிறது. கொள்கையில் ஜெனரல் பக்கம் இருக்கிறவர், ஆனாலும் போய் அதிபரிடம் சொல்கிறார். அந்த இரவு அவர் மனத்தில் என்ன ஓடியிருக்கும்? எங்கள் வட்டத்தில் இதற்கே அரை மணி நேரம் போனது.

அதைவிடப் பெரிய சண்டை முடிவைப் பற்றி வந்தது. படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். அட்மிரலின் கையெழுத்து வாக்குமூலத்தோடு திரும்பும் அதிபரின் உதவியாளர் விமான விபத்தில் இறந்துபோகிறார், சிதைவுகளுக்கு நடுவே கிடைக்கும் ஒரு சிகரெட் டப்பாவுக்குள் அந்தத் தாள் இருக்கிறது. ஜெனரலின் அந்தரங்க வாழ்க்கை பற்றிய ஒரு தகவலும் அதிபர் கைக்கு வருகிறது, அதை வீசினால் ஜெனரலின் கதை முடிந்தது, ஆனால் லைமன் அதைத் தொட மறுக்கிறார். கடைசியில் மக்களிடம், கொள்கை வேறுபாட்டால் தளபதிகள் விலகிவிட்டார்கள் என்று மட்டும் சொல்கிறார். சதி நடந்ததையே மறைத்துவிடுகிறார்! இது சரியா? ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் எங்களோடு இருக்கிறார், "நாடு நிலைகுலையாமல் இருக்க வேண்டும் என்றால் வேறு வழி இல்லை ஐயா" என்றார். வங்கியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் ஒத்துக்கொள்ளவே இல்லை, மக்களுக்குத் தெரியாமல் காப்பாற்றப்படும் ஜனநாயகம் அடுத்த முறை எப்படித் தன்னைக் காத்துக்கொள்ளும் என்று கேட்டார். நான் தம்பி பக்கம். ஆனால் தலைமையாசிரியர் சொன்னதை அத்தனை எளிதாகத் தள்ளவும் முடியவில்லை, இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கிளின்டன் புத்தகம் இதற்கு நேர் எதிராக முடிகிறது. டங்கன் நாடாளுமன்றத்தின் முன் நின்று நடந்ததை நாட்டுக்கே சொல்கிறார், நாடு எப்படி இருக்க வேண்டும் என்று நீண்ட உரையும் ஆற்றுகிறார். கொள்கையாகப் பார்த்தால் எனக்கு இதுதான் பிடிக்க வேண்டும். ஆனால் அந்த உரையில் மறுக்க எதுவும் இல்லை, தலையை ஆட்டிவிட்டு மூட வேண்டியதுதான். யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

நம் ஊர் அனுபவமும் பழைய புத்தகத்தின் பக்கமே என்னைத் தள்ளியது என்று நினைக்கிறேன். 2020 பிப்ரவரியில் மலேசியாவில் ஷெராட்டன் நகர்வு என்ற ஆட்சி மாற்றத்தைப் பார்த்தவர்கள் நாம். சில எம்.பி.க்கள் பக்கம் மாறினார்கள், பிரதமர் பதவி விலகினார், மாமன்னர் எம்.பி.க்களைத் தனித்தனியாக அழைத்துக் கேட்டார், மார்ச் 1-ஆம் தேதி புதிய பிரதமர் பதவியேற்றார். ஒரு துப்பாக்கி வெளியே வரவில்லை, நாடாளுமன்றத்தின் 222 இடங்களில் கணக்கு மாறியது, அவ்வளவுதான். அமெரிக்காவில் அதிபரை அப்படிக் கணக்கு மாற்றி இறக்க முடியாது. நான்கு வருடம் என்றால் நான்கு வருடம், நடுவில் பதவி நீக்க விசாரணை வேண்டும், அல்லது 1967-இல் வந்த 25-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தைப் பயன்படுத்த வேண்டும். 'செவன் டேஸ்' எழுதும்போது அந்தத் திருத்தமே இல்லை. பிடிக்காத அதிபரை இறக்க நேர்வழி இல்லாத இடத்தில்தான் ஜெனரலுக்குக் குறுக்குவழி தோன்றுகிறது என்பதை, வழி எவ்வளவு சுலபம் என்று பார்த்துவிட்ட நமக்குப் புரிந்துகொள்வது எளிது. அந்த வாரத்தில் தொலைக்காட்சியை அணைக்காமல் விழித்திருந்தவர்களுக்கு, யார் யாரிடம் பேசினார்கள், யார் மௌனமாக இருந்தார்கள் என்று எண்ணிக்கொண்டே போகும் இந்த நாவலின் நடை பழகிய நடையாகவே இருக்கும்.

இதே நெபல் தனியாக எழுதி 1965-இல் வந்த 'நைட் ஆஃப் கேம்ப் டேவிட்' பற்றியும் கேட்டார்கள். அதில் ஆபத்து வெளியே இல்லை, அதிபரின் மனம்தான் ஆபத்து. நாட்டின் எல்லாத் தொலைபேசிகளையும் ஒட்டுக்கேட்க வேண்டும் என்பார், கனடாவையும் ஸ்காண்டிநேவியாவையும் சேர்த்து ஒரே நாடாக்க வேண்டும் என்பார், இதைக் கேட்டு நடுங்கும் இளம் செனட்டரை ஒருவரும் நம்ப மாட்டார்கள். 2018-இல் மறுபதிப்பும் வந்தது. நான் ஒரே தடவை, அதுவும் அவசரமாகப் படித்தேன், அதனால் என் சொல்லைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். யோசனை அபாரம், நடுப்பகுதி இழுத்தது போல எனக்குப் பட்டது. கிளின்டன் நாவலின் ஒலிநூலையும் நான் கேட்டதில்லை. நடிகர் டென்னிஸ் க்வைட் உட்படப் பலர் வாசித்திருக்கிறார்கள், கோலாலம்பூருக்குக் கார் ஓட்டிப் போகும்போது கேட்ட நண்பர் அச்சுப் புத்தகத்தைவிட அதுவே மேல் என்கிறார். சின்ன அத்தியாயங்கள் காதுக்குப் பொருந்தும் என்பதால் இருக்கலாம்.

'செவன் டேஸில்' பொறுமையைச் சோதிக்கும் இடங்களும் உண்டு. முதல் நூறு பக்கம் அலுவலக நடைமுறையும் பதவிப் பெயர்களும்தான், யார் யாருக்கு மேலதிகாரி என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பெண்களுக்குக் கதையில் இடமே இல்லாத மாதிரிதான், அந்த விஷயத்தில் கிளின்டன் புத்தகம் எவ்வளவோ தேவலாம், அங்கே துணை அதிபர், இஸ்ரேல் பிரதமர், கூலிக்கு ஆள் கொல்ல வருபவர் எல்லாரும் பெண்கள். விடுமுறையில் ஒரே மூச்சில் படித்து வைத்துவிட வேண்டும், யாரோடும் விவாதிக்கப் போவதில்லை என்றால் டங்கனையே எடுத்துக்கொள்ளுங்கள், ஏமாற மாட்டீர்கள்.

லைமனை எடுப்பவர்கள் ஜான் ஃபிராங்கன்ஹைமர் இயக்கி 1964-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படத்தையும் தேடிப் பார்க்கலாம், 118 நிமிடம், பர்ட் லான்காஸ்டர் ஜெனரல், கிர்க் டக்ளஸ் கேசி. படம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் லான்காஸ்டரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வந்தால் ஜெனரலை வேறு யாராகவும் நினைக்க முடியாது. அதனால் புத்தகத்தை முதலில் முடித்துவிடுங்கள்.