சின்னப் பிள்ளைங்களோட முதல் தூண்டில்: ஃபோர்ட் டி சோட்டோல நாலு மணி நேர கைடு ட்ரிப்

போன மார்ச் கடைசில ஸ்பிரிங் பிரேக் லீவுக்கு, ஃப்ளோரிடால டேம்பா பக்கத்துல இருக்கற ஃபோர்ட் டி சோட்டோ பார்க்ல இருந்து ஒரு கேப்டனோட மீன் பிடிக்கப் போயிட்டு வந்தோம். நான், எங்க வீட்டுக்காரர், 7 வயசு பொண்ணு, 4 வயசு பையன், தூத்துக்குடில இருந்து வந்திருக்கற எங்க அப்பா, ஆக அஞ்சு பேர். இந்த மாதிரி சின்ன படகு ஓட்டுற கேப்டன்மார் நிறைய பேருக்கு கோஸ்ட் கார்ட் லைசென்ஸ்ல ஆறு பயணிங்க வரைக்கும்தான் ஏத்த முடியும், கைக்குழந்தையும் அதுல ஒரு ஆளுதான், அதனால ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்கும்போது போறவங்க முதல்ல தலைய எண்ணிக்கோங்க.

இது எங்களுக்கு ரெண்டாவது ட்ரிப். அதுக்கு முந்தின வருஷம் வேற ஒருத்தர் கூட ஆறு மணி நேரத்துக்கு காசு கட்டிப் போனோம், யாருன்னு சொல்ல விரும்பல. நல்லா மீன் பிடிக்கிறவர்தான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா அவருக்கு பெரிய ஸ்னூக் மீன் வேணும், எங்களுக்கு பிள்ளைங்க சந்தோஷமா இருக்கணும், ரெண்டும் ஒரே படகுல ஓடல. மீன் மாட்டினதும் அவரே இழுத்து முடிச்சிட்டு போட்டோவுக்கு மட்டும் பொண்ணு கைல தூண்டில் ராட குடுத்தார். பையனுக்கு அப்போ மூணு வயசு, ரெண்டு மணி நேரத்துல அழ ஆரம்பிச்சவன் கரை சேர்ற வரைக்கும் நிறுத்தல, திரும்பலாம்னு கேட்டதுக்கு இன்னும் ஒரு ஸ்பாட், இன்னும் ஒரு ஸ்பாட்னே போனார். வீட்டுக்கு வர்ற வழில பொண்ணு "அம்மா நான் மீன் பிடிக்கவே இல்லல்ல"ன்னு கேட்டா. அந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் அரிச்சிட்டே இருந்துச்சு.

அதனால இந்த தடவ புக் பண்றதுக்கு முன்னாடி போன்லயே எல்லாம் கேட்டுட்டேன். ராடு யார் கைல இருக்கும், பாதில பையனுக்கு முடியலன்னா திரும்புவீங்களா, சின்ன மீனா இருந்தாலும் பரவால்ல அடிக்கடி மாட்டுற இடத்துக்கு கூட்டிட்டுப் போவீங்களான்னு. அவர் பதில் சொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட திருப்பி கேட்டார், பிள்ளைங்க இதுக்கு முன்னாடி உசுரோட ஒரு மீனைத் தொட்டிருக்காங்களா, கார்ல எவ்வளவு நேரம் சும்மா உக்காருவாங்க, காலைல எத்தனை மணிக்கு பசிக்கும்னு. அந்த கேள்விங்கள கேட்டதுமே இவர்தான்னு முடிவு பண்ணிட்டேன். நீங்களும் கூகுள் ரேட்டிங், போட்டோல இருக்கற மீன் சைஸ் இதையெல்லாம் பார்த்து ஏமாறாதீங்க. ஒரு போன் போட்டு பேசுங்க, பிள்ளைங்கள பத்தி அவர் என்ன கேக்குறார்னு கவனிங்க.

காசு: நாலு பேர் வரைக்கும் நாலு மணி நேரத்துக்கு 500 டாலர், அஞ்சாவது ஆளுக்கு 50, டிப் தனி. ராடு, ரீல், இரை எல்லாம் அவரோடது. மீன்பிடி லைசென்ஸ் நாங்க யாரும் எடுக்கல, இப்படி கேப்டனோட வாடகைக்கு எடுக்கற சார்ட்டர் படகுல அவரோட லைசென்ஸே எல்லாருக்கும் சேர்த்துத்தான், ஃப்ளோரிடால 16 வயசுக்கு கீழ இருக்கறவங்களுக்கு எப்படியும் வேண்டாம்.

காலை ஏழரைக்கு படகுத்துறைல இருந்தோம். தண்ணி ஏறுற நேரம் பார்த்துதான் அந்த நேரத்தை குடுத்திருக்கார். லைஃப் ஜாக்கெட் விஷயத்துல ஆள் ரொம்ப கறார், 26 அடிக்கு கீழ இருக்கற படகு ஓடும்போது 6 வயசுக்கு கீழ பிள்ளைங்க கண்டிப்பா போட்டிருக்கணும்னு ஃப்ளோரிடா சட்டம் இருக்கு, ஆனா பொண்ணுக்கும் போட்டாத்தான் கயிற அவுப்பேன்னுட்டார். பையனுக்குப் போட்டதும் தோள்பட்டைல பிடிச்சு மேல தூக்கிப் பார்த்தார், ஜாக்கெட் காது வரைக்கும் ஏறுச்சுன்னா அது பெரிசாம். நாங்க கொண்டு போனது ஏறுச்சு. அவர்கிட்ட இருந்த சின்னத எடுத்து, காலுக்கு நடுவுல வர்ற பட்டையையும் மாட்டி விட்டார்.

முதல் வேலை இரை பிடிக்கிறது. ஆழமில்லாத இடமா பார்த்து நிறுத்தி வீச்சு வலைய எடுத்து, பாதிய தோள்ல போட்டு, ஈயக்குண்டு கட்டின ஓரத்தை பல்லுல கவ்விக்கிட்டு சுத்தி வீசினார் பாருங்க, அதுவரைக்கும் குளிருதுன்னு மூடிட்டு உக்காந்திருந்த எங்க அப்பா எந்திரிச்சு நின்னுட்டார். "ஏட்டி, பழையகாயல்ல நாங்களும் இப்படித்தான் பல்லுல கடிச்சு வீசுவோம்"னு பேத்திகிட்ட சொன்னத நான் மொழிபெயர்த்து சொன்னதும், கேப்டன் அடுத்த வீச்சுக்கு வலைய அப்பா கைல குடுத்துட்டார். 68 வயசு, அது அவருக்கு பழக்கமில்லாத கனமான வலை, பாதி வட்டம்தான் விரிஞ்சுது, ஆனா அதுல இருபது முப்பது மீன் துள்ளிட்டு வந்துச்சு. கைல எடுத்துப் பார்த்துட்டு "இது நம்ம சாளை ஜாதில்லா"ன்னார். அவர் சொன்னது சரிதான், இங்க கிரீன்பேக்னு சொல்ற இதுவும் நம்ம சாளையோட சொந்தம்தான். கொஞ்ச தூரத்துல தண்ணிக்கு மேல குதிச்சதப் பார்த்து "மடவை"ன்னார், அது சொந்தம் கூட இல்ல, அதே மீன், அங்கயும் இங்கயும் ஒண்ணுதான். இத்தனை வருஷமா ஊர் கடல் வேற இந்த ஊர் கடல் வேறன்னு நினைச்சிட்டு இருந்த எனக்கு அது ரொம்ப நெருக்கமா இருந்துச்சு.

பிடிச்ச இரைய எல்லாம் படகுக்குள்ள தண்ணி ஓடிட்டே இருக்கற தொட்டில போட்டு வைப்பாங்க. பையனுக்கு ட்ரிப்பே அந்த தொட்டிதான். ஒரு குட்டி கைவலைய குடுத்து "நீதான் இரை மாஸ்டர், யார் கேட்டாலும் நீதான் எடுத்துக் குடுக்கணும்"னு கேப்டன் சொன்னாரோ இல்லையோ, முக்கால் மணி நேரம் அந்த இடத்தை விட்டு அசையல. நாலு வயசு பிள்ளை ராடு பிடிச்சு மிதவைய பார்த்துட்டே உக்காராது, அதுக்கு வேற வேலை குடுக்கணும், இத அவர் தெரிஞ்சு வெச்சிருந்தார். போன தடவ அழுததும் இதே பையன்தான்.

முதல் ஸ்பாட் ஒரு பழைய மரத்தூண் வரிசை. கொக்கில இருக்கற எதிர்முள்ள பிளையர் வெச்சு நசுக்கி விட்டுட்டார், சின்ன கைல குத்தினாலும் உடனே கழண்டு வரட்டும்னு. இறால் துண்டு மாட்டி இறக்கினதும் ஒரு நிமிஷம் கூட ஆகல, டொக் டொக்குன்னு. பொண்ணுக்கு முதல் மூணும் பின்ஃபிஷ்னு சின்ன மீன், உள்ளங்கை அகலம் கூட இல்ல. அந்த மூணுக்கும் அவர் கத்தின கத்து, பெரிய ஸ்னூக்குக்கு கூட யாரும் கத்த மாட்டாங்க! தொடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் கையை தண்ணில நனைக்க வெச்சார். மீன் மேல இருக்கற வழுவழுப்பு அதோட தோலுக்கு மேல ஒரு காப்பு, காஞ்ச கையால பிடிச்சா அது வழிச்சிட்டு வந்துரும், திருப்பி விட்டாலும் நோய் வந்துரும்னு பொறுமையா சொன்னார். முதுகு முள்ளு குத்தாம தலைல இருந்து வால் பக்கமா எப்படி தடவிப் பிடிக்கணும்னும் காட்டினார்.

நாலாவதா மாட்டினது ஷீப்ஸ்ஹெட். வெள்ளை உடம்புல கருப்பு பட்டை போட்ட மீன், ராடு வளைஞ்சு பொண்ணு முழங்கால் படகு ஓரத்துல முட்டி நின்னுச்சு, நான் கை கொடுக்கப் போனேன், கேப்டன் என்னைத் தடுத்துட்டு அவ ஜாக்கெட் பட்டைய மட்டும் பின்னாடி பிடிச்சுக்கிட்டார். சுத்துறதெல்லாம் அவதான். மேல வந்ததும் வாயைத் திறந்து காட்டினார், முன்னாடி வரிசையா பல்லு, நம்ம பல்லு மாதிரியே, உள்ள அண்ணத்துல இன்னும் ரெண்டு மூணு வரிசை, தூண்ல ஒட்டிட்டு இருக்கற சிப்பி, நண்டையெல்லாம் நொறுக்கித் திங்கறதுக்கு. பொண்ணு அஞ்சு நிமிஷம் அந்த வாய்க்குள்ளயே பார்த்துட்டு இருந்தா, அப்புறம் நாக்கால தன் பல்லை தடவிப் பார்த்தா.

அடுத்து கடல்புல் மேல, மூணு நாலு அடி தண்ணி. தூரத்துல ஸ்கைவே பாலம் தெரியுது, பக்கத்துல டால்பின் ரெண்டு. இங்க மிதவைக்கு கீழ இறால், வெட்டி இழுத்தா "பொளக்"னு சத்தம் வரும், அந்த சத்தத்துக்கு ட்ரவுட் மீன் வரும். முதல்ல வந்தது 13 இன்ச். 15ல இருந்து 19 இன்ச் வரைக்கும் இருந்தா வெச்சுக்கலாம், ஒருத்தருக்கு மூணு. அளவுப் பலகைல பொண்ணே வெச்சு அளந்தா, பத்தலன்னதும் கண்ணு கலங்கிருச்சு, அவர் அவசரப்படுத்தல, இது இன்னும் முட்டை போடணும், நீயே விடுன்னு தண்ணிக்குள்ள ரெண்டு கையால பிடிக்க வெச்சார், அது வால ஆட்டிட்டுப் போனதும் கண்ண துடைச்சிட்டு அடுத்தத வீசுன்னுட்டா. அப்புறம் 16, 17ன்னு ரெண்டு கிடைச்சுது. கையில எடுத்ததும் கர்ர் கர்ர்னு சத்தம், அப்பா உடனே "கத்தாளை போல சத்தம் போடுதே"ன்னார், கேட்டா அதுவும் கத்தாளை குடும்பம்தானாம்.

நடுவுல ஒரு கெளுத்தி. அத மட்டும் யாரையும் தொட விடல, முதுகுலயும் பக்கத்துலயும் இருக்கற முள்ளுல விஷம், கொக்கிக் கம்பிய வெச்சு தண்ணிலயே கழட்டி விட்டார். கெளுத்தி முள்ளு குத்தினா ராத்திரி தூக்கம் வராதுன்னு அப்பாவும் சொன்னார். மணல்திட்டுல இறங்கி விளையாட விட்டப்போ கூட காலைத் தூக்கி வைக்காம தேய்ச்சு தேய்ச்சு நடக்கச் சொன்னார், மணலுக்கு அடில திருக்கை கிடந்தா விலகிப் போயிரும்.

மூணேகால் மணி நேரத்துல பையன் கொட்டாவி விட்டான். நான் வாயே திறக்கல, அவரே நங்கூரத்தை தூக்கிட்டார்.

குறைன்னா சிலது இருக்கு. படகுல டாய்லெட் கிடையாது, நான் பிள்ளைங்களுக்கான கையடக்க டாய்லெட் (potty) கொண்டு போனதால தப்பிச்சோம். நிழல் ஓட்டுற இடத்துல மட்டும்தான், பத்து மணிக்கு மேல ஃப்ளோரிடா வெயில் தண்ணில பட்டு கண்ணுல அடிக்குது, முழுக்கை சட்டையும் கழுத்தை மூடுற தொப்பியும் பிள்ளைங்களுக்கு கட்டாயம். டிப் 15ல இருந்து 20 சதவீதம் குடுக்கறது இங்க வழக்கம், அத வெப்சைட்ல முதல்லயே போட்டா புதுசா வர்றவங்களுக்கு நல்லது. நாலு வயசுக்கு மூணு மணி நேரமே போதும், அப்படி ஒரு பேக்கேஜ் அவர் வெச்சா இன்னும் நிறைய குடும்பம் வரும்னு அவர்கிட்டயே சொன்னேன்.

கரைல மீன் வெட்டற மேஜைகிட்ட பெலிக்கன் கூட்டமா நிக்கும், பிள்ளைங்க மீன் முள்ளத் தூக்கிப் போட ஆசைப்படுவாங்க, விடாதீங்க, அது அதோட தொண்டைப் பையைக் கிழிச்சிரும். இன்னொண்ணு, கேட்காம விட்டா சதைய மட்டும் சீவிக் குடுத்துட்டு மிச்சத்தை குப்பைல போட்டுருவாங்க. தலையும் நடு முள்ளும் வேணும்னு முன்னாடியே சொல்லிருங்க. நாங்க சொன்னதும் அவர் ஆச்சரியமா பார்த்தார், அப்பா கைய ஆட்டி ஆட்டி புளிக்குழம்பு வைக்கிற முறைய தமிழ்லயே விளக்கினார், அவரும் தலைய தலைய ஆட்டிட்டு செதில மட்டும் எடுத்து, துண்டு போட்டுக் குடுத்தார். அன்னைக்கு ராத்திரி ட்ரவுட் தலை பொண்ணுக்குத்தான்னு தாத்தா எடுத்து வெச்சார்.

அக்டோபர்ல ரெட்ஃபிஷ் நல்லா கிடைக்கும், அப்போ வாங்கன்னு கேப்டன் சொன்னார். தேதி வாங்கிட்டேன், மூணு மணி நேரம்னு பேசி.