இரவில் ஆளின்றி ஓடும் ஸ்கிரிப்டுக்கு எஃப்எஃப்எம்பெக்கா, ஹேண்ட்பிரேக்கா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நாங்கள் வாழ்ந்த தோட்டத்தின் லயங்கள் (தொழிலாளர் வீட்டு வரிசைகள்) இருந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. அங்கிருந்த மாரியம்மன் கோயில் திருவிழாக்களைப் படம்பிடித்த 41 மினிடிவி (சிறிய டிஜிட்டல் காணொளி) நாடாக்கள் மட்டும் என் பொறுப்புக்கு வந்து சேர்ந்தன. ஒரு மணி நேர நாடாவைக் கணினியில் ஏற்றினால் ஏறத்தாழ 13 ஜிகாபைட் பிடிக்கும். அவற்றை எம்பி4 கோப்புகளாகச் சுருக்க, இரவில் ஸ்கிரிப்டை (கட்டளைகளை வரிசையாகத் தானே நிறைவேற்றும் கோப்பை) ஓடவிட எண்ணி, காணொளியை மாற்றும் மென்பொருள்களான எஃப்எஃப்எம்பெக், ஹேண்ட்பிரேக்கின் கட்டளைவரி வடிவம் ஆகிய இரண்டையும் பயன்படுத்திப் பார்த்து, எஃப்எஃப்எம்பெக்கையே வைத்துக்கொண்டேன்.

இரண்டுமே இலவசம், எச்.264 என்ற காணொளிச் சுருக்க வடிவத்துக்கு இரண்டும் எக்ஸ்264 என்ற ஒரே குறியாக்கியையே (சுருக்கும் நிரலையே) நாடுவதால், படத்தின் தரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை.

எனக்குத் தீர்ப்பாக அமைந்தது ஸ்டாண்டர்ட் இன்புட், அதாவது ஒரு நிரல் தன் உள்ளீட்டைப் படிக்கும் வழக்கமான வழிதான். கோப்புப் பெயர்களின் பட்டியலை வரிவரியாகப் படித்து ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப்புக்குள் இவற்றில் எதை அழைத்தாலும், நடுவில் நிறுத்துவதற்கான க்யூ விசையை எதிர்பார்த்து, அது லூப்புக்குரிய பட்டியலையே உள்ளீடாகப் படித்துவிடும். ஹேண்ட்பிரேக்கை ஓட்டிய முதல் இரவில் ஒரே ஒரு கோப்பு மாறியதோடு லூப் முடிந்திருந்தது, பிழைச்செய்தி எதுவுமில்லை. எஃப்எஃப்எம்பெக்கிலோ, 'திருவிழா-2003' என்ற பெயர் 'விழா-2003' என்று தலையிழந்து, அப்படியொரு கோப்பு இல்லை என்ற செய்தி பதிவேட்டில் நின்றது.

எஃப்எஃப்எம்பெக்கில் இதற்கென்றே, உள்ளீட்டைப் படிக்காதே என்று சொல்லும் 'நோ-எஸ்டிடின்' என்ற தெரிவு உண்டு. அதைச் சேர்த்தால், அதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தாலும் 'மேலெழுதவா?' என்று கேட்டு விடியும்வரை காத்திராமல் பிழையோடு வெளியேறிவிடும். ஹேண்ட்பிரேக்குக்கு உள்ளீட்டை, படிக்க எதுவும் இல்லாத வெற்றுக் கோப்பான 'டெவ்-நல்' பக்கம் திருப்பிவிட்டேன். அதுவும் குறையின்றி வேலை செய்தது. ஆனால் இந்த ஸ்கிரிப்டை நாளை என் அக்காள் மகன் பராமரிக்கப்போகிறான். வரியின் கடைசியில் தனியே நிற்கும் ஒரு திருப்பலைத் தேவையற்றதென்று அவன் அழித்துவிடக்கூடும். தன் வேலையைத் தன் பெயரிலேயே சொல்லும் தெரிவை அழிக்கத் தயங்குவான். பராமரிப்பில் இந்த வேறுபாடு சிறிதன்று.

கைப்பேசியில் எடுத்த புதிய காணொளிகளைப் பொறுத்தவரை, மறுகுறியாக்கம் இல்லாமல் அப்படியே நகலெடுத்து எம்பி4 உறைக்குள் இடுவதை எஃப்எஃப்எம்பெக் நொடிகளில் செய்துவிடுகிறது. ஹேண்ட்பிரேக் படத்தை எப்போதும் மறுகுறியாக்கமே செய்கிறது. மேலும், அது கறுப்பு ஓரங்களைத் தானே கணித்து வெட்டுவதால், வெட்டளவைப் பூச்சியமாக நாமே குறிப்பிடாவிட்டால் ஒவ்வொரு நாடாவின் உயரமும் ஒவ்வொரு விதமாக வந்து, பின்னர் ஒன்றாக இணைப்பது தொல்லையாகிவிடும்.

காவடியின் மயிற்பீலி சுழலும் காட்சிகளில் இன்டர்லேஸ் கோடுகள் (ஒற்றை, இரட்டை வரிகளைத் தனித்தனியே பதிவதால் வருபவை) சீப்புப் பற்களைப்போலத் தெரிந்தன. அவற்றை நீக்கும் எஃப்எஃப்எம்பெக்கின் 'யாடிஃப்' வடிகட்டி அதன் இயல்பு அமைப்பில் நொடிக்கு 25 படங்களையே தந்ததால் அசைவு வெட்டிவெட்டி வந்தது. அதே வேலையைச் செய்யும் 'பிடபிள்யூடிஃப்' வடிகட்டி இயல்பாகவே 50 தந்ததால் பீலி வழுக்கிச் சுழன்றது. ஹேண்ட்பிரேக்கிலும் 'பாப்' அமைப்பால் இதைப் பெறலாம்.

கட்டளை வரிகளை எழுத விரும்பாதவருக்கு ஹேண்ட்பிரேக்கே ஏற்றது என்பதை ஒப்புக்கொள்கிறேன்: சாளரத்தில் அமைத்த ஒரு ப்ரீசெட்டை (சேமித்துவைத்த அமைப்புத் தொகுப்பை) ஜேசன் என்ற உரைவடிவக் கோப்பாக ஏற்றுமதி செய்து, ஸ்கிரிப்டில் அதை அழைத்தால் போதும். என் பழைய மடிக்கணினியில் மென்பொருள் குறியாக்கம் மட்டுமே செய்திருப்பதால், கிராஃபிக்ஸ் அட்டையை நம்பியிருப்பவர்களுக்கு என் தீர்ப்பு பொருந்தாமல் போகலாம்.

எதை எடுத்தாலும், வெளியீட்டைத் தற்காலிகப் பெயரில் எழுதி, வேலை பிழையின்றி முடிந்ததைச் சொல்லும் வெற்றிக்குறி கிடைத்த பின்னரே உரிய பெயருக்கு மாற்றுங்கள். இடிமழையில் மின்சாரம் போன ஓர் இரவுக்குப் பின், 17 கோப்புகள் முழுமையாகவும் ஒன்று மட்டும் தற்காலிகப் பெயரிலும் கிடந்தன; ஸ்கிரிப்டை மீண்டும் ஓட்டியபோது அந்தப் பதினெட்டாவதிலிருந்தே வேலை தொடர்ந்தது.