டெஸ்ட் லேம்ப்பா, மல்டிமீட்டரா? பிள்ளையின் குவாட் பைக் செல்ஃப் எடுக்காதபோது

மகளின் 110 சிசி குவாட் பைக் (நான்கு சக்கரக் குட்டி வண்டி) ஒருநாள் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. பட்டனை அழுத்தினால் சீட்டுக்கு அடியில் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹெல்மெட் மாட்டி ஏறி உட்கார்ந்திருந்தவள், "பேட்டரி போயிடுச்சாப்பா?" என்றாள். எனக்கும் முதல் சந்தேகம் அதுதான்.

வோல்ட்டும் ரெசிஸ்டன்ஸும் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரியில் 12.7 வோல்ட், அதாவது முழு சார்ஜ். பட்டனை அழுத்தியதும் செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேவுக்கு வரும் தடித்த வயரிலும் அதே அளவு. சிவப்பு முனையை பேட்டரி பிளஸ்ஸில் வைத்து, கறுப்பு முனையை எஞ்சின் உடம்பில் தொட்டேன்: 12.6. எர்த்தும், அதாவது எஞ்சின், சேஸிஸ் வழியாகக் கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் பாதையும், சரி என்று முடிவுகட்டி, புது ரிலே வாங்கி மாட்டினேன். மறுபடியும் 'டிக்'. அடுத்து செல்ஃப் மோட்டாரையே கழற்ற உட்கார்ந்துவிட்டேன்.

நல்லவேளை, அதற்குமுன் டெஸ்ட் லேம்ப் நினைவுக்கு வந்தது. பெரிய சாமான் ஒன்றுமில்லை: 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்ப், ஒரு ஹோல்டர், இரண்டு வயர், முனையில் முதலை வாய்க் கிளிப். பேட்டரியின் இரண்டு முனையிலும் மாட்டினால் கண் கூசும் வெளிச்சம். மைனஸ் கிளிப்பை மட்டும் எடுத்து எஞ்சின் போல்ட்டில் கடிக்க வைத்தேன். உள்ளிழை தணல்போல மங்கிச் சிவந்து நின்றது. எர்த் கேபிள் சேஸிஸில் சேரும் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால், வளையத்துக்கு அடியில் பெயிண்ட், ஓரம் முழுக்கத் துரு. உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து இறுக்கினேன். முதல் அழுத்திலேயே செல்ஃப் எடுத்தது.

இந்த ஒரு விஷயத்தில்தான் நான் டெஸ்ட் லேம்ப் பக்கம் சாய்கிறேன். சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் பெரும்பாலும் 10 மெகா ஓம். 12 வோல்ட்டில் அது இழுக்கும் கரண்ட் ஒரு மைக்ரோ ஆம்பியரைக் கொஞ்சம் தாண்டும். அந்தத் துளிக் கரண்ட் துருவிலும் போய்விடும், ஒரே ஒரு கம்பி இழை மிச்சமிருக்கும் வயரிலும் போய்விடும். மீட்டர் 12.6 காட்டும், நாமும் நம்பிவிடுவோம். 21 வாட் பல்போ 1.75 ஆம்பியர் கேட்கும். கனெக்‌ஷனில் பலம் இல்லையென்றால் உடனே மங்கும். சின்ன குவாட்டின் செல்ஃப் மோட்டாருக்கே பத்துக்கணக்கில் ஆம்பியர் வேண்டும் எனும்போது, வேலை பார்க்கும் கரண்ட்டை ஓடவிட்டுப் பார்ப்பதுதான் சரியான சோதனை. குழந்தைகள் வண்டி சேற்றிலும் தண்ணீரிலும் புரள்கிறது, அடிக்கடி கழுவுகிறோம், பிறகு வாரக்கணக்கில் சும்மா நிற்கிறது. இதில் கையில் வந்த கோளாறுகளில் பாதிக்கு மேல் துருப்பிடித்த எர்த், பச்சை பூத்த கனெக்டர், தளர்ந்த ஃப்யூஸ் ஹோல்டர் இவைதான்.

மீட்டர் பொய் சொல்லவில்லை, நான்தான் கேட்க வேண்டிய விதத்தில் கேட்கவில்லை. பேட்டரி மைனஸில் ஒரு முனை, எஞ்சினில் ஒரு முனை வைத்து, செல்ஃப் பட்டனை அழுத்தியபடி பார்த்திருந்தால் அங்கேயே பத்து வோல்ட்டுக்கு மேல் காட்டியிருக்கும். நல்ல எர்த்தில் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. பட்டனை அழுத்தியும் பேட்டரி வோல்ட் கொஞ்சமும் இறங்காமல் இருந்ததும் ஒரு தடயம்தான்: மோட்டாருக்குக் கரண்ட்டே போகவில்லை என்று அர்த்தம். அந்த 'டிக்' சத்தமும் அப்படித்தான். பட்டன், பிரேக் சுவிட்ச், ரிலே காயில் மூன்றும் வேலை செய்கின்றன என்று அது சொல்லிவிட்டது. புது ரிலேவுக்குத் தேவையே இருந்திருக்காது.

ஃப்யூஸ் போட்டதும் எரிந்துபோகும் வண்டிக்கு டெஸ்ட் லேம்ப்பை மிஞ்ச எதுவும் இல்லை. ஃப்யூஸ் இருக்கும் இடத்தில் பல்பை மாட்டி, ஹெட்லைட் கனெக்டரைக் கழற்றி, சாவியைப் போடுங்கள். ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும். கரண்ட் 1.75 ஆம்பியரைத் தாண்டாது என்பதால் வயர் கருகாது. பிறகு வயரிங் கட்டைக் கையால் ஒவ்வொரு இடமாக அசைத்துக்கொண்டே போனால், பல்ப் அணையும் இடம்தான் கோளாறு. எங்கள் வண்டியில் ஹேண்டில்பார் திரும்பும் கழுத்தருகே, உரசி உரசிச் செம்பு தெரிந்த வயர் ஒன்று இப்படித்தான் கிடைத்தது.

பல்ப் உதவாத இடங்களும் உண்டு. ஸ்பார்க் வராவிட்டால் சிடிஐ (ஸ்பார்க்கை உண்டாக்கும் எலெக்ட்ரானிக் பெட்டி), பிக்கப் காயில் (ஸ்பார்க் எப்போது என்று அதற்குச் சொல்லும் சென்சார்) பக்கம் பல்பைக் கொண்டுபோகவே கூடாது. அது மீட்டரின் வேலை. அதற்கும் முன்னால், ஏசி சிடிஐ (பேட்டரியில் அல்லாமல் எஞ்சின் சுற்றும்போது வரும் கரண்ட்டில் ஓடுவது) வண்டியாக இருந்தால் கில் வயரை சிடிஐ-யிலிருந்து கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட வயர் அது. எர்த் ஆனால் ஸ்பார்க்கை நிறுத்துவதுதான் அதன் வேலை. குழந்தைகள் குவாட்டில் கில் சுவிட்ச், இழுத்தால் வண்டியை நிறுத்தும் கயிறு என்று பாதுகாப்புக்கு வைத்தவை அதிகம். கழற்றியதும் ஸ்பார்க் வந்தால் கோளாறு அவற்றில் ஒன்றில்தான். கண்டுபிடித்ததும் அந்த வயரைத் திரும்ப மாட்டியே ஆக வேண்டும். பிள்ளை ஓட்டும் வண்டியை அது இல்லாமல் விடாதீர்கள்.

எலெக்ட்ரிக் குவாட்டில் என் அனுபவம் குறைவு, 36 வோல்ட் வண்டி ஒன்றை ஒரே ஒருமுறை திறந்திருக்கிறேன். 12 வோல்ட் பல்ப் அங்கே உடனே பீஸ் போய்விடும். த்ராட்டிலுக்கு வருவதும் 5 வோல்ட் சிக்னல் லைன். அந்த வண்டி வைத்திருப்பவர்கள் மீட்டரையே வாங்குங்கள்.

பெட்ரோல் குவாட் என்றால் முதலில் டெஸ்ட் லேம்ப், மீட்டர் அப்புறம். எதைக் கையில் எடுத்தாலும் வண்டியை நியூட்ரலில் போட்டு, பின்சக்கரம் தரையைத் தொடாதபடி ஸ்டாண்டில் ஏற்றி, பிள்ளையைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கை மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். எர்த்தைச் சரிசெய்த அன்று கடைசியாக மீட்டரைத்தான் எடுத்தேன். எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கிவிட்டு பேட்டரியில் வைத்தபோது 14.1 காட்டியது. சார்ஜிங்கும் சரி. அதற்குள் மகள் ஹெல்மெட் பட்டையை மாட்டிவிட்டாள்.