விவாகரத்து வழக்கு: சிறிய வக்கீல் அலுவலகமா, பெரிய நிறுவனமா?

ஒருவர் கேட்க, மற்றவர் மறுக்கும் விவாகரத்து வழக்கில் சட்டப் பிரிவுகளைவிட அன்றாடத் தகவல்கள்தான் அதிகம் பேசும். குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துப் போனது யார், வீட்டுக் கடன் தவணை யாருடைய கணக்கிலிருந்து போனது, எந்தத் தேதியில் என்ன மெசேஜ் வந்தது என்பதெல்லாம் விரல் நுனியில் இருந்தால்தான் குறுக்கு விசாரணை எடுபடும். சிறிய அலுவலகத்தின் பலம் இங்கேதான். உங்கள் கதையைக் கேட்டவர், மனு எழுதியவர், நீதிமன்றத்தில் வாதாடுபவர் பெரும்பாலும் ஒரே ஆள். பெரிய நிறுவனத்தில் சீனியரைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவீர்கள். அப்புறம் வாய்தாவுக்கு வாய்தா வேறு ஜூனியர் வரலாம். அழுதுகொண்டே சொன்னதைத் திரும்பச் சொல்வது பெரிய வேதனை.

பல தொழில்கள், வெளிநாட்டுச் சொத்து, மறைத்த வருமானம் என்றால் பெரிய நிறுவனத்தின் ஆள்பலம் உதவும். ஆனால் அங்கே ஒரே கோப்பைப் பார்க்கும் பலரின் நேரத்துக்கும் நீங்கள் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

குழந்தையின் பொறுப்பும் ஜீவனாம்சமும்தான் தகராறு என்றால் நான் சிறிய அலுவலகத்தையே சொல்வேன். தீர்ப்புக்கு ஆண்டுக்கணக்கில் ஆகலாம், அதுவரை குடும்பம் ஓட இடைக்கால உத்தரவு வேண்டும். அதற்கான மனுவை வக்கீல் எப்போது போடுவார், ஒரே நாளில் இரண்டு நீதிமன்றங்களில் வழக்கு வந்தால் உங்களுக்கு யார் வருவார் என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். கட்டண விவரத்தையும் எழுத்தில் வாங்குங்கள்.