பியூட்டைல் டியூப், டிபியூ டியூப், டியூப்லெஸ்: நெடுந்தூரச் சைக்கிளுக்கு எது ஏற்றது?

300 கி.மீ. பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் பயணம்) ஒன்றில், மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய இருட்டில், என் பின்சக்கரம் ஒரே இரவில் இரண்டு முறை காற்றிழந்தது. முதல் முறை டியூபை மாற்றினேன். ஆனால் டயருக்குள் ஒளிந்திருந்த மயிரிழை போன்ற இரும்புக் கம்பியைக் கண்டுபிடிக்கத் தவறியதால், அதே கம்பி புது டியூபையும் குத்திவிட்டது. வெடித்த லாரி டயர்களிலிருந்து சிதறும் அந்தக் கம்பிகள் நம் நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் நிறையக் கிடக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால்தான் அகப்படும். 20 மணி நேரக் கெடுவுக்குள் முடித்துவிட்டேன் என்றாலும், அந்த இரவுக்குப் பிறகு பியூட்டைல், டிபியூ, டியூப்லெஸ் என்ற மூன்று வகைகளையும் மாறி மாறிப் பயன்படுத்திப் பார்த்தேன். சக்கரம் பழுதானால் அதே இடத்தில் எவ்வளவு எளிதாகச் சரிசெய்ய முடியும் என்பதையே முதன்மையான அளவுகோலாகக் கொண்டேன். எடையும் வேகமும் அதற்குப் பிறகுதான்.

பியூட்டைல் டியூப் நாம் எல்லோரும் அறிந்த கறுப்பு ரப்பர் டியூப். 28 மி.மீ. டயருக்கான டியூப் ஏறத்தாழ 100 கிராமுக்கு மேல் இருக்கும். காற்றை நாள்கணக்கில் பிடித்து வைத்திருக்கும், விலை குறைவு. இதன் பெரிய பலம், எந்த ஊர்ப் பஞ்சர் கடைக்காரரும் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி பார்த்து, ஒட்டுப் போட்டுத் தந்துவிடுவார் என்பதே. சாலைச் சைக்கிள்களில் வரும் மெல்லிய பிரெஸ்டா வால்வாக இருந்தால் அவருடைய பம்ப் பொருந்தாது என்பதால், சிறிய பித்தளை அடாப்டர் ஒன்றை எப்போதும் பையில் வைத்திருக்க வேண்டும். குறை என்று பார்த்தால், காற்று சற்றுக் குறைவாக இருக்கும்போது பள்ளத்தில் இறங்கினால் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே டியூப் நசுங்கி இரட்டை ஓட்டை விழும். அதற்கு அஞ்சிக் காற்றைக் கூட்டினால், நூறு கிலோமீட்டரைக் கடந்த பின் மணிக்கட்டும் முதுகும் கணக்குக் கேட்கும்.

டிபியூ (தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன்) டியூப் மெல்லிய பிளாஸ்டிக் போன்றது. எடை 40 கிராம் அளவுதான், மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். சக்கரம் இலேசாக உருள்வதை நான் உணர்ந்தேன். ஆனால் வழக்கமான ரப்பர் ஒட்டு இதில் நிற்காது, தனி ஒட்டு வேண்டும். விலையும் பியூட்டைலைப் போலப் பல மடங்கு. ரிம் பிரேக் சைக்கிளில் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்குபவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சூடேறும் ரிம் இந்தப் பொருளுக்கு ஆகாது என்பதால், சில தயாரிப்பாளர்களே டிஸ்க் பிரேக்குக்கு மட்டும் என்று அச்சிட்டு விற்கிறார்கள்.

டியூப்லெஸ் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். மலைச் சைக்கிளுக்கு 1999-இல் மாவிக் நிறுவனத்தின் யுஎஸ்டி முறை வழியாகப் பரவிய இந்த ஏற்பாடு, சாலைச் சைக்கிளுக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. டியூபுக்குப் பதில் டயருக்குள் சீலன்ட் திரவம் ஊற்றப்படுகிறது. சீமைக் கருவேல முள் குத்தினால் திரவம் பீறிட்டு, சில சுற்றுகளில் உறைந்து ஓட்டையை அடைத்துவிடும்; பல முறை வீட்டுக்கு வந்து டயரைத் துடைத்தபோதுதான் முள் குத்தியதே எனக்குத் தெரிந்திருக்கிறது. பெரிய ஓட்டையாக இருந்தால், மோட்டார் சைக்கிள் டயருக்குப் பஞ்சர் கடையில் செருகுவார்களே, அதே போன்ற சிறிய ரப்பர் திரியைச் செருகினால் போதும். நசுங்குவதற்கு டியூப் இல்லாததால் காற்றைக் குறைத்து ஓட்டலாம். டியூபுடன் 85 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைத்திருந்த நான் இப்போது 68 வைக்கிறேன். உடலுக்குக் கிடைத்த ஆறுதல் மிகப் பெரியது.

ஆயினும் இதற்குப் பராமரிப்பு தேவை. நம் வெயிலில் சீலன்ட் விரைவில் காய்ந்துவிடுகிறது. நான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊற்றுகிறேன். டயரின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி விளிம்பு இல்லாத ரிம்களில் சாலை டயருக்கு 5 பார், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐக்கு மேல் காற்றடிக்கக் கூடாது, அந்த ரிம்முக்கு ஏற்றது என்று குறிக்கப்பட்ட டயரையே போட வேண்டும். 2024 பிப்ரவரியில் யுஏஇ டூர் சைக்கிள் போட்டியில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி ஹெண்டின் டயர் அத்தகைய ரிம்மிலிருந்து கழன்று அவர் விழுந்த பிறகு, இந்த ரிம்களைப் பற்றிய விவாதம் வலுத்தது. கொக்கி உள்ள ரிம்மையே நான் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வாரம் இருமுறை மாமல்லபுரம் வரை போய்த் திரும்புபவருக்கு பியூட்டைலே போதும். என் பயிற்சிச் சைக்கிளிலும் அதுதான் இருக்கிறது. 200 கி.மீ.க்கு மேற்பட்ட பிரெவேக்களுக்கு டியூப்லெஸ். டிபியூ என்னிடம் உதிரியாக மட்டும் பையில் பயணிக்கிறது. டியூப்லெஸ் டயர் கிழிந்து உள்ளே டியூப் போட நேர்ந்தால், அதற்கு முன் டயரின் உட்புறம் முழுவதையும் தடவிப் பார்க்க வேண்டும்: சீலன்ட் அடைத்துவிட்டதால் நாம் அறியாமலே போன பழைய முட்களின் முனைகள் அங்கே நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் பிடுங்குவதற்காகவே என் பையில் இப்போது ஒரு சிறிய இடுக்கி இருக்கிறது.