மரத்தடிக் களிமண்: கொத்துவதா, மூடாக்குப் போடுவதா?

மர நிழலில் இறுகிக் கிடக்கும் களிமண்ணைக் கண்டதும் கொத்திப் புரட்டி மக்கு உரம் கலக்கத்தான் கை பரபரக்கும். பலன் சீக்கிரம் தெரியும், உண்மைதான். அதே பருவத்தில் நடலாம். ஆனால் மரத்தின் உறிஞ்சு வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், 30 செ.மீ. ஆழத்துக்குள்தான் ஓடுகிறது. ஒவ்வொரு வெட்டும் அவற்றை அறுக்கும். ஈரத்தில் கொத்தினாலோ இன்னும் மோசம். காய்ந்ததும் கட்டி கட்டியாக இறுகிவிடும். ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் அழுத்திப் பாருங்கள். உதிர்ந்தால் கொத்தலாம், பளபளவென்று ஒட்டிக்கொண்டால் காத்திருங்கள். இளக்குவதற்காகக் கொஞ்சம் மணல் கலக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், மண் இன்னும் கெட்டிப்படும்.

மூடாக்கு மெதுவான வழி. உதிர்ந்த இலையையும் மக்கையும் 5 முதல் 8 செ.மீ. கனத்துக்குப் பரப்பினால் போதும். மண்புழுக்கள் அதைக் கீழே இழுத்துப் போய், துளை போட்டு, மண்ணைப் பொலபொலவென்று ஆக்கும். ஓராண்டாவது பிடிக்கும். அடிமரத்தை ஒட்டிக் குவிக்காதீர்கள், பட்டை அழுகும்.

மரம் நிற்கிற இடத்தில் என் தேர்வு மூடாக்குதான். உடனே நட்டாக வேண்டுமென்றால் வேர்களை விலக்கி, செடிக்குழி அளவுக்கு மட்டும் கைக்கொத்தால் தோண்டுங்கள். வேர் எட்டாத வெட்டவெளியில் தாராளமாகக் கொத்தலாம்.