ஓகஸ்ட் விடுமுறைக்கு எந்த ரயில்: கிழக்கா, மலைக்கா, வடக்கா?

ஓகஸ்ட் பாடசாலை விடுமுறை நெருங்கும்போது கொழும்பு வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான். நான்கைந்து நாள், இரண்டு மூன்று ஊர், கையைக் கடிக்காத செலவு, ரயில் பயணம்: எந்தப் பக்கம் போவது? பலர் இந்தக் கணக்கை டிக்கெட் விலையில் தொடங்குகிறார்கள். அங்கே தொடங்கினால் கணக்கு பிழைத்துவிடும். மூன்றாம் வகுப்பில் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனாலும், ஓர் ஆளுக்கு ஆகும் செலவு சாதாரண விடுதி அறையின் ஒருநாள் வாடகையைத் தொடாது. பணம் கரைவது வேறு இடங்களில்: இரவு தங்கும் அறையில், நிலையத்திலிருந்து ஊருக்குள் ஏற்றிச் செல்லும் முச்சக்கர வண்டியில், பருவம் பார்க்காமல் போய் மழையில் அறைக்குள் முடங்கிக் கிடக்கும் நாளில். இந்த மூன்றையும் வைத்து அளந்தால், ஓகஸ்டில் கொழும்புக் குடும்பத்துக்குக் கிழக்குதான் முதலிடம் என்பது என் முடிவு. மலையகம் இரண்டாவது. யாழ்ப்பாணம், அங்கே யாராவது உறவினர் வீடு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

முதலில் பாதைகளின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸை வரை முதல் ரயில் ஓடியது. அன்றிலிருந்து எல்லாப் பாதைகளும் கொழும்பை மையமாக வைத்தே நீண்டன. மலைக்குப் போகும் பாதையும் வடக்கு, கிழக்குக்குப் போகும் பாதையும் பொல்காவலையில் பிரிகின்றன. மாகோவில் கிழக்குப் பாதை வடக்குப் பாதையை விட்டு விலகுகிறது. கல்ஓயாவில் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் வழி பிரிகிறது. மதவாச்சியில் மன்னார், தலைமன்னார் பாதை கிளைக்கிறது. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குக் குறுக்கே போகும் பாதைகள் கிடையாது. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ரயிலில் போக வேண்டுமானால் பொல்காவலை வரை இறங்கி வந்து வண்டி மாற வேண்டும். எனவே ‘யாழ்ப்பாணம், கண்டி, எல்ல, காலி’ என்று ஒரே மூச்சில் நான்கு ஊர்களை எழுதி வைத்தால், விடுமுறையில் பாதி நாள் சந்தி நிலையங்களின் மேடைகளில் கழியும். ஒரு பாதையைத் தேர்ந்து, அதன் வழியில் உள்ள ஊர்களில் இறங்கி இறங்கிப் போவதுதான் மலிவு. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அதுவே சுகம்.

இனிக் கிழக்கு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பு, காலிப் பக்கக் கடலைக் குமுற வைக்கிறது. அதே மாதங்களில் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். கடல் அமைதியாக இருக்கும். பாசிக்குடாவில் இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடந்து போகலாம். சிறு பிள்ளைகளைக் கடலில் இறக்க இந்தத் தீவில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கொழும்புக் கோட்டை நிலையத்தில் இரவு ரயிலேறினால் விடியும் வேளையில் திருகோணமலை. ஓர் இரவு அறை வாடகை அப்படியே மிச்சம். போகும் வழியில் இருட்டில் தவறவிடும் காட்சி என்று பெரிதாக எதுவும் இல்லை. மாகோவைக் கடந்தால் வயலும் புதர்க்காடுமே. கோணேசர் கோயிலுக்கு வெயில் ஏறுமுன் போய்வந்து, மாலையில் நிலாவெளி அல்லது உப்புவெளி. மறுநாள் காலை கன்னியா வெந்நீர் ஊற்று: ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சூடு.

திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்கு ரயிலில் போக நினைக்க வேண்டாம். கல்ஓயா வரை திரும்பி வந்து வண்டி மாறுவதற்குள் ஒரு நாள் போய்விடும். கரையோர வீதியில் மூதூர், வாகரை வழியாகப் போகும் பஸ் அரை நாளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ரயில் பயணம் என்று கிளம்பிவிட்டு நடுவில் பஸ்ஸா என்று தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த ஒரு துண்டுக்கு பஸ்தான் சரி. பாசிக்குடாவில் தங்குகிறவர்கள் வாழைச்சேனையில் இறங்கிவிடலாம். கடற்கரையை ஒட்டிய பெரிய விடுதிகள் விலை உயர்ந்தவை. ஆனால் கல்குடா, வாழைச்சேனைப் பக்கம் குடும்பங்கள் நடத்தும் வாடகை அறைகள் இருக்கின்றன. சமைத்துக் கொடுக்கிற வீடாகப் பார்த்துப் பேசினால் மீன் குழம்போடு சோறும் கிடைக்கும்.

மட்டக்களப்பிலிருந்து திரும்பும்போது பகல் ரயிலைப் பிடித்துப் பொலன்னறுவையில் ஓர் இரவு தங்குவது நல்லது. இங்கே ஒரு விஷயம். பொலன்னறுவை ரயில் நிலையம் பழைய நகரத்தில் இல்லை. சில கிலோமீற்றர் தள்ளி கதுருவெலவில் இருக்கிறது. அறையைக் கதுருவெலவிலேயே எடுத்துக்கொண்டு, இடிபாடுகளைச் சுற்றிப் பார்க்க ஒரு முச்சக்கர வண்டியை அரை நாளுக்குப் பேசிக்கொண்டால் இரட்டைச் செலவு தப்பும். கல் விகாரையின் சிலைகளை மாலை வெயிலில் பார்க்கிறவர்களுக்கு அந்தக் கூலி பெரிதாகத் தெரியாது.

கிழக்குப் பாதையின் குறையையும் சொல்ல வேண்டும்: தாமதம். ஹபரணை, மின்னேரியாக் காடுகளின் ஊடாகப் போகும் பாதை இது. 2025 பெப்ரவரியில் அங்கே ரயில் மோதி ஆறு யானைகள் ஒரே இரவில் இறந்தன. அந்தப் பகுதியில் வண்டியை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டுவதுதான் நியாயம். ஒரு மணி நேரம் பிந்தினால் பிந்தட்டும் என்ற மனத்தோடு ஏறுங்கள். திரும்பி வந்த அன்றே கொழும்பில் முக்கிய வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மலையகப் பாதை எல்லோருடைய ஆசையும்தான். கண்டி வரை 1867இலும் பதுளை வரை 1924இலும் வந்து சேர்ந்த இந்தப் பாதையில் பயணமே விடுமுறை. அதனால்தான் இங்கே இரவு ரயில் மிச்சம் பிடிக்கும் வழி ஆகாது. கடுகண்ணாவையின் ஏற்றத்தையும் ஹட்டன் தேயிலைச் சரிவுகளையும் இருட்டில் கடப்பதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பகலில் போனால் கொழும்பிலிருந்து பதுளைக்கு ஏறத்தாழ பத்து மணி நேரம். ஒரே நாளில் பிள்ளைகளை அத்தனை நேரம் உட்கார வைக்காமல் கண்டியில் ஓர் இரவு, பிறகு மேலே என்று பிரித்துக்கொள்வது வழக்கம். ஆனால் ஓகஸ்டில் அங்கேதான் செலவு ஏறுகிறது. கண்டிப் பெரஹெரா ஊர்வல நாட்களில் அறை வாடகை பல மடங்காகிவிடும். அந்த நாட்களில் கண்டியில் இறங்காமல் பேராதனைச் சந்தி வழியாக நேரே மேலே போய்விடுங்கள்.

மேலே எங்கே தங்குவது என்பதில்தான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். பட்டிப்பொலைக்கும் ஓஹியாவுக்கும் இடையில் பாதையின் மிக உயர்ந்த இடம் வருகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,900 மீற்றர். அங்கே ஒரு சுரங்கம். ஓகஸ்டில் அதற்கு இந்தப் பக்கம் நானுஓயாவில் கண்ணாடி யன்னலில் மழைத்துளி வழிந்துகொண்டிருக்கும். பெட்டியில் இருட்டு கவியும், பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள், சுரங்கத்தைத் தாண்டி வெளியே வந்தால் ஊவாப் பக்கத்தில் பளீரென்ற வெயிலும் மஞ்சள் புல்வெளியும். எப்போதும் இப்படி அமையும் என்று சொல்ல முடியாது, ஆனால் தென்மேற்குப் பருவக்காற்றின் மழை மேற்குச் சரிவிலேயே பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஆகவே ஓகஸ்டில் நுவரெலியாவில் குளிருக்கும் மழைக்கும் நடுவே அறை எடுப்பதைவிட ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் தங்குவதே மேல். நுவரெலியாவுக்கு நானுஓயாவில் இறங்கி மறுபடியும் வண்டி பிடிக்க வேண்டும் என்பது இன்னொரு செலவு.

எல்லவா பண்டாரவளையா என்று கேட்டால், யோசிக்காமல் பண்டாரவளை என்பேன். எல்லவில் அறையும் சாப்பாடும் வெளிநாட்டுப் பயணிகளை மனத்தில் வைத்து விலையிடப்பட்டவை. பண்டாரவளை, அங்குள்ள மக்கள் வாங்கி உண்டு வாழும் ஊர். சந்தையும் சைவக் கடையும் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. காலையில் அங்கிருந்து ரயிலேறி எல்லவில் இறங்கி, ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிடலாம். பாலத்துக்கு அப்பால் தெமோதரையில் பாதை தன்னையே சுற்றி, நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. அதைப் பார்க்கப் பதுளை வரை போய்வந்தாலும் நட்டமில்லை.

ஓர் எச்சரிக்கை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகப் பாதையைப் பல இடங்களில் சிதைத்தது. மண்சரிவு வந்தால் முதலில் நிற்பதும் இந்தப் பாதைதான். அறைக்கு முற்பணம் கட்டுவதற்கு முன், ரயில் எந்த நிலையம் வரை ஓடுகிறது என்று நிலையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வடக்குக்கு வருவோம். 1990இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில் 2014 ஒக்டோபரில் மறுபடியும் யாழ்ப்பாணத்துக்குள் நுழைந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை போனது. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஆனையிறவைக் கடக்கும் அந்தச் சில நிமிடங்கள் எந்த மலைக்காட்சிக்கும் ஈடாகாது. இரு பக்கமும் தண்ணீர் விரிந்து கிடக்க, பெட்டியில் பேச்சு தானாகவே தணிந்துவிடும். பணக் கணக்கில் பார்த்தால், ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழா நடக்கிறது. கொடியேறிய நாளிலிருந்து இருபத்தைந்து நாள் ஊர் முழுவதும் வெளிநாட்டிலிருந்து வந்த உறவுகளால் நிறைந்திருக்கும். அறை கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். மாமி வீடோ சித்தப்பா வீடோ இருந்தால் மற்ற எல்லாக் கணக்கையும் தள்ளி வைத்துவிட்டு யாழ்ப்பாணம் போங்கள். தங்கும் செலவு இல்லை, நல்லூரும் பார்க்கலாம், குறிகட்டுவானிலிருந்து படகேறி நயினாதீவும் போய்வரலாம். உறவு இல்லாதவர்கள் திருவிழா முடிந்த பிறகு, அநுராதபுரத்தில் ஓர் இரவு தங்கிப் போகும்படி வைத்துக்கொள்வது நல்லது.

தெற்குக் கரையோரப் பாதையைப் பற்றி அதிகம் சொல்ல ஏதுமில்லை. காலிக்குப் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்பதால் அதற்கு விடுமுறைத் திட்டமே தேவையில்லை. போகும்போது வலப்பக்க யன்னலைப் பிடித்தால் கடல். காலியில் வண்டி திசை மாறி மாத்தறைக்குப் புறப்படும்போது யன்னலும் மாறிவிடும். 2019இலிருந்து பாதை பெலியத்தை வரை நீள்கிறது.

இதே பணத்தில் தமிழ்நாடு போகலாமே என்று சொல்கிறவர்களும் உண்டு. சென்னை, தஞ்சாவூர், மதுரை, இராமேஸ்வரம் என்று ரயிலில் சுற்றுவதில் ஒரு பெரிய வசதி படுக்கைப் பெட்டி: இரவில் உறங்கிக்கொண்டே ஊர் மாறலாம். இங்கே இரவு ரயிலில் பெரும்பாலோர் உட்கார்ந்தபடிதான் போகிறோம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தின் மேல் கடலைக் கடந்து இராமேஸ்வரம் போவதும் பெரிய அனுபவம். ஆனால் நான்கு பேருக்கு விமான டிக்கெட், விசா என்று சேர்த்தால் இங்கே இரண்டு விடுமுறை போய்வரலாம். அங்கே முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுவதால், முடிவை விடுமுறைக்கு வெகு முன்னரே எடுக்க வேண்டும். காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் ஓடும் காலமென்றால், யாழ்ப்பாண ரயிலோடு சேர்த்து யோசிக்கத்தக்க திட்டம் அது.

வகுப்பு எது? இதுவும் பாதையைப் பொறுத்தது. மலைக்குக் குளிரூட்டிய முதல் வகுப்பு வேண்டவே வேண்டாம். மூடிய கண்ணாடிக்குப் பின்னால் இருந்தால் தேயிலை வாசமும் குளிர்காற்றும் இல்லை. தட்டில் சுடச்சுட இறால் வடையோடு வருகிறவரின் குரல்கூடக் கேட்காது. முன்பதிவு செய்த இரண்டாம் அல்லது மூன்றாம் வகுப்பு போதும். யாழ்ப்பாணத்துக்குப் பகலில் போகிறவர்கள், அதிலும் வயதானவர்களோடு போகிறவர்கள், முதல் வகுப்புக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது. முன்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும். மலையகத்தின் பகல் ரயில்களில் நல்ல ஆசனங்கள் வெகு விரைவில் தீர்ந்துவிடுகின்றன. எனவே நாளைக் குறித்து வைத்து, திறந்தவுடன் எடுத்துவிடுங்கள். குறுந்தூரத்துக்கு ஆசனம் ஒதுக்கினால் கட்டணம் தூரத்துக்கு ஏற்பக் குறையாது. பண்டாரவளையிலிருந்து எல்லவுக்குப் போக முன்பதிவு தேவையே இல்லை. முகப்பில் சாதாரண டிக்கெட் எடுத்து ஏறிவிடலாம்.

வீட்டில் அரச ஊழியர் இருந்தால் விடுமுறை ரயில் வாரண்டை, அதாவது இலவசப் பயணச் சீட்டை, மறக்காதீர்கள். எத்தனையோ ஆசிரியர் குடும்பங்களில் அது பயன்படாமலே ஆண்டு முடிகிறது. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த உறவினர் கூட வருகிறார்கள் என்றால் வேறொரு கணக்கு. பொலன்னறுவையிலும் சிகிரியாவிலும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு நுழைவுக் கட்டணம் உள்ளூர்க்காரர் கட்டணத்தைவிடப் பல மடங்கு. அவர்களோடு போகும் ஆண்டில் கோயிலும் கடலும் போதும் என்று வைத்துக்கொண்டால் யார் பையும் காலியாகாது. நம் தேசிய அடையாள அட்டையை மட்டும் கையில் வைத்திருக்க வேண்டும்.

ஓகஸ்டில் விடுப்புக் கிடைக்காமல் டிசம்பருக்குத் தள்ளிப்போனால் மேலே சொன்ன வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். வடகீழ்ப் பருவமழை அப்போது திருகோணமலை, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் மூன்றையும் நனைக்கும். சுரங்கத்துக்கு அப்பால் பதுளைப் பக்கமும் ஈரமாக இருக்கும். அந்த மாதத்தில் கண்டியும் ஹட்டனும் காலிக் கடற்கரையும் நல்லவை. சிவனொளிபாதமலை யாத்திரைக் காலமும் டிசம்பர்ப் போயாவோடு (பௌர்ணமி நாள்) தொடங்குவதால் ஹட்டன் ரயில்களில் நெரிசல் இருக்கும். போயாவை ஒட்டிய நாட்களைத் தவிர்த்து வார நடுவில் புறப்படுங்கள்.